கோச்சிச் சத்தம்: புத்தளம் பாதையும் ஒரு மாதிரி எஞ்சினின் குரலும்

இலங்கைப் புகையிரதங்களின் வரலாற்றை எழுத முற்படுபவருக்கு ஆவணப் பஞ்சம் அதிகம் இல்லை. நிர்வாக அறிக்கைகள் இருக்கின்றன. சட்டசபை விவாதங்கள் இருக்கின்றன. பழைய நேர அட்டவணைகளையும் புகைப்படங்களையும் தேடினால் பெற்றுக்கொள்ளலாம். எந்த ஆண்டில் எந்த ஊர்வரை தண்டவாளம் போடப்பட்டது, எந்த எஞ்சின் எந்த நாட்டிலிருந்து எப்போது வந்திறங்கியது என்பவற்றையெல்லாம் எழுத்து மூலம் நிறுவிவிடலாம். ஆனால் அந்த எஞ்சின் எப்படிச் சத்தமிட்டது என்று கேட்டால் பதில் சொல்ல எந்தக் காகிதத்தாலும் இயலாது. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்து வருகிறேன். விபத்து, வேலைநிறுத்தம், கட்டண உயர்வு என்று புகையிரதம் பற்றிய செய்திகள் எத்தனையோ என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட அதன் ஓசையைப் பற்றியதாக இருக்கவில்லை.

அந்த ஓசையைத் தேடுகிறவர்கள் வேறொரு கூட்டத்தார். உள்ளங்கை அகலத் தண்டவாளத்தில் ஓடும் சிறு புகையிரதங்களைச் செய்து மகிழும் மாதிரிப் புகையிரதக்காரர்கள். அவர்களுடைய பொழுதுபோக்கு நம் கரையின் வரலாற்றோடு எப்படித் தொடர்புபடுகிறது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் பாதையைப் பற்றி. ராகமையில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து கடலோரமாக வடக்கே செல்வது புத்தளம் பாதை. 1909இல் அது நீர்கொழும்பை அடைந்தது. 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் எட்டியது. அதற்கு முன்னர் இந்தக் கரையின் சரக்குப் போக்குவரத்துக்கு ஒல்லாந்தர் காலக் கால்வாயே துணை. புத்தளத்து உப்பும் கற்பிட்டிக் கருவாடும் தென்னந்தோப்புகளின் விளைச்சலும் தட்டையடிப் படகுகளில் கொழும்பை நோக்கிச் சென்றன. துடுப்பின் சலசலப்பும் படகோட்டியின் கூவலும்தான் அந்தப் போக்குவரத்தின் ஓசைகள். தண்டவாளம் வந்ததும் அவை அடங்கின. மகா ஓயாவைத் தாண்டிப் புத்தளம் மாவட்டத்துக்குள் நுழையும் பாதை லுணுவில, நாத்தாண்டிய, மாதம்பை என்று தென்னைகளுக்கிடையே சென்று சிலாபத்தை அடைகிறது. தெதுறு ஓயாவைக் கடந்த பின்னர் பங்கதெனிய, பத்துளு ஓயா, முந்தல், மதுரங்குளி, பாலாவி என்று களப்பையும் உப்பு வாய்க்கால்களையும் ஒட்டிச் செல்கிறது. பிற்காலத்தில் சீமெந்துத் தொழிலின் தேவைக்காகப் பாதை புத்தளத்துக்கும் அப்பால் பெரியநாகவில்லுவரை நீண்டது. அருவாக்காட்டுச் சுண்ணக்கல் புகையிரதத்தில் ஏறிப் பாலாவி ஆலைக்கு வந்தது.

என் ஊர் உடப்பு. ஊருக்குள் தண்டவாளம் இல்லை. ஆயினும் காற்று கிழக்கிலிருந்து வீசும் மாதங்களில், களப்பின் நீர்ப்பரப்பைக் கடந்து பத்துளு ஓயாப் பக்கத்துக் கோச்சிச் சத்தம் விடியற்காலையில் வந்து சேரும். புகையிரதம் என்று பாடசாலையில் எழுதினோம். வீட்டில் அது எப்போதும் கோச்சிதான். சிங்களக் கிராமத்தார் முற்காலத்தில் அதற்கு ‘யகட யகா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இரும்புப் பேய் என்று பொருள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னரே காதுக்குத் தெரிந்துவிடும் ஒன்றுக்குப் பொருத்தமான பெயர்தான்.

பேயின் குரல் காலத்துக்குக் காலம் மாறியது. நீராவி எஞ்சினின் குரல் முதலாவது. இரண்டு உருளைகள் கொண்ட நீராவி எஞ்சினில், சக்கரம் ஒருமுறை சுழலும்போது நான்கு முறை நீராவி வெளியேறும். ஆகவே ஒரு சுற்றுக்கு நான்கு ‘சுக்’. அந்த நான்கையும் கேட்டு எண்ணினால் வண்டியின் வேகத்தையே கணக்கிடலாம். புத்தளத்துக்குப் பாதை வந்த காலத்தில் இந்தக் குரல்தான் கேட்டது. 1950களின் தொடக்கத்தில், பி. டி. ரம்பால போன்ற பொறியியலாளர்களின் முனைப்பில் இலங்கைப் புகையிரதப் பகுதி டீசலுக்கு மாறத் தொடங்கியது. பிரித்தானியாவிலிருந்து எம் 1 வகை எஞ்சின்கள் முதலில் வந்தன. 1954இல் கனடாவிலிருந்து எம் 2 வகை வரலாயிற்று.

இந்த எம் 2 எஞ்சின்களின் கதை தனியே எழுதத் தக்கது. பொதுநலவாய நாடுகள் தமக்குள் உதவிக்கொள்வதற்காக வகுத்த கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடா இவற்றை இலங்கைக்கு அன்பளிப்பாக வழங்கியது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கனடியத் தொழிற்சாலை அவற்றை உருவாக்கியது. அது இருந்த இடம் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள இலண்டன் நகரம். நன்றிக்கடனாக எஞ்சின்களுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 569ஆம் இலக்கம் ‘ஒன்ராறியோ’. அதைத் தொடர்ந்து அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா என்று பெயர் தாங்கி அவை நம் தென்னந்தோப்புகளுக்கிடையே ஓடின. கனடா எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாத சிறுவர்கள் அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தோம். 

எஞ்சினின் குரலில் அது பிறந்த இடம் ஒளிந்திருக்கிறது. எம் 2இன் உள்ளே இருப்பது 567 வரிசையைச் சேர்ந்த பன்னிரண்டு உருளை எஞ்சின். ஓர் உருளையின் கொள்ளளவு 567 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். அது இரண்டடிப்பு எஞ்சின். அதாவது தண்டு ஒவ்வொரு முறை சுழலும்போதும் ஒவ்வோர் உருளையிலும் எரிபொருள் ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால் செக்கனுக்கு 160 வெடிப்புகள். ஆகவே அதன் குரல் அறுபடாத ஒரு முழக்கமாக ஒலிக்கிறது. 1975இல் மொன்றியலில் இருந்து வந்த எம் 4 வகையிலும் பன்னிரண்டு உருளைகளே. ஆனால் அது அல்கோ 251 வரிசையைச் சேர்ந்த நான்கடிப்பு எஞ்சின். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் வெடிப்பு. நிமிடத்துக்கு 1000 சுற்றில் சுழன்றாலும் செக்கனுக்கு 100 வெடிப்புகளே கிடைக்கும். எனவே அதன் குரல் தடித்தது. நிற்கும்போது தத்தளிப்பது போலவும், கிளம்பும்போது மூச்சு வாங்குவது போலவும் இருக்கும். 1996இல் வாரணாசியிலிருந்து வந்த எம் 8 எஞ்சின்களில் இருப்பதும் இதே 251 குடும்பத்தின் பதினாறு உருளை எஞ்சின். 1960களிலிருந்து இந்தியப் பாதைகளை ஆண்ட டபிள்யூ.டி.எம். 2 எஞ்சினும் இதே குடும்பம். திருச்சியிலோ ஈரோட்டிலோ அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஒருவர், இலங்கையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால்கூட எம் 8ஐ இனங்கண்டுகொள்வார். பிரித்தானியத் தொழிற்சாலைகள், கனடிய உதவி, இந்தியக் கடன் என்று சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையின் வெளியுறவு வரலாறு முழுவதையும் இந்தக் குரல்களின் வரிசையில் கேட்கலாம்.

துயரமும் அவற்றில் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி பெரலியவில் ஆழிப்பேரலை அள்ளிச்சென்ற புகையிரதத்தை இழுத்துச் சென்றது 591ஆம் இலக்க ‘மனிடோபா’. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு புகையிரதத்தில் மாண்டார்கள். எஞ்சின் மீட்கப்பட்டுத் திருத்தப்பட்டது. பின்னர் ஆண்டு நினைவு நாளில் அதே பாதையில் நினைவுப் பயணம் சென்றது. உறவுகளை இழந்து தண்டவாளத்தருகே நின்றவர்களுக்கு அந்த முழக்கம் என்னவாகக் கேட்டிருக்கும் என்பதை எந்தச் செய்திக் குறிப்பும் சொல்லிவிடாது.

இனி மாதிரிப் புகையிரதங்களுக்கு வருவோம். விளையாட்டுப் புகையிரதத்துக்குக் குரல் கொடுக்கும் முயற்சி பழையது. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1935இலேயே எஞ்சினுக்குப் பின்னாலுள்ள கரிப் பெட்டிக்குள் ஒரு சிறு காற்றாடியை வைத்து ஊதல் எழுப்பியது. தண்டவாளத்தில் ஓடும் ஆடலோட்ட மின்சாரத்தோடு சிறிது நேரோட்டத்தைக் கலந்தால் உள்ளிருக்கும் விசை இயங்கி ஊதும். நுட்பமான தந்திரம். ஆனால் எல்லா எஞ்சினும் ஒரே குரலில்தான் ஊதின.

உண்மைக் குரலைத் தேடியவர்கள் பெரியவண்டிகளுக்கு அருகே ஒலிவாங்கியோடு சென்றார்கள். 1948இல் பிரான்ஸ் வானொலியைச் சேர்ந்த பியேர் ஷெஃபர், பாரிஸின் பத்தினோல் நிலையத்தில் எஞ்சின்களின் ஓசையைப் பதிவுசெய்து, அவற்றை வெட்டி ஒட்டி ஓர் இசைப் படைப்பாக ஒலிபரப்பினார். இசைக் கருவி எதுவும் இல்லாத இசை அது. இங்கிலாந்தில் பீற்றர் ஹான்ட்ஃபோர்ட் என்ற திரைப்பட ஒலிப்பதிவாளர், 1950களில் மறைந்துகொண்டிருந்த நீராவி எஞ்சின்களின் ஓசையை ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். பிற்காலத்தில் ‘அவுட் ஒஃப் ஆபிரிக்கா’ படத்தின் ஒலிக்காக ஒஸ்கார் விருதைப் பகிர்ந்துகொண்டவர் இவரே. அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் அதே காலத்தில் புகைப்படக் கருவியோடு ஒலிப்பதிவுக் கருவியையும் சுமந்து திரிந்தார். இவர்கள் பதிவுசெய்திராவிட்டால் அந்த எஞ்சின்கள் பலவற்றின் குரல் உலகத்திலிருந்து அடியோடு அற்றுப்போயிருக்கும். இலங்கையில் அத்தகைய ஒருவர் அந்நாளில் ஒவ்வொரு பாதையிலும் நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பதிவுசெய்த குரலைச் சிறு எஞ்சினுக்குள் வைக்க வழி பிறந்தது 1990களில். ஜேர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க மாதிரிப் புகையிரதச் சங்கம் டி.சி.சி. என்னும் பொது நியமத்தை வகுத்தது. இதில் தண்டவாளத்தின் வழியே மின்சாரமும் கட்டளையும் சேர்ந்தே செல்கின்றன. மின்னோட்டத்தின் திசை மாறும் இடைவெளி 58 மைக்ரோ செக்கன் என்றால் அது ஒன்று. 100 மைக்ரோ செக்கன் அல்லது அதற்கு மேல் என்றால் அது பூச்சியம். இந்த ஒன்றுகளையும் பூச்சியங்களையும் எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சிறு சுற்றுப்பலகை வாசித்து, தனக்குரிய கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் சவுண்ட்ராக்ஸ், ஜேர்மனியின் ஈ.எஸ்.யூ., ஒஸ்திரியாவின் சிமோ ஆகிய நிறுவனங்கள் அந்தப் பலகையிலேயே ஒலியையும் சேர்த்தன. இவற்றுள் சிலவற்றில் பயனாளரே தம் கணனியிலிருந்து விரும்பிய ஒலியை ஏற்றலாம் என்ற வசதி வந்தபோதுதான் இந்தக் கலை பொதுமக்கள் கைக்கு வந்தது.

அந்தச் செயல்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு டீசல் எஞ்சினின் வேகப்பிடிக்கு வழமையாக எட்டுப் படிகள் உண்டு. எஞ்சின் உயிர்பெறும் சத்தம், நின்றபடி இயங்கும் சத்தம், ஒவ்வொரு படியிலும் அதன் முழக்கம், ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறும் சத்தம், இறங்கும் சத்தம், அணையும் சத்தம் என்று தனித்தனிக் கோப்புகள் வேண்டும். நின்றபடி இயங்கும் சத்தத்தில் ஒரு சில செக்கன்களை வெட்டியெடுத்து, அதன் முடிவைத் தொடக்கத்தோடு ஒட்டவேண்டும். ஒட்டுமிடத்தில் ஒலியலை ஒரே உயரத்தில் சந்திக்கவேண்டும். இல்லாவிடில் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். ஹோர்னுக்குத் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று துண்டுகள். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை நடுத்துண்டு சுழலும். விட்டதும் முடிவுத்துண்டு ஒலிக்கும். அதன் பின்னர் எந்தச் சத்தம் எந்த விசையில் வரவேண்டும் என்று ஒதுக்கவேண்டும். சுழியம் முதல் இருபத்தெட்டு வரை விசைகள் உண்டு. சி.வி. என்று அழைக்கப்படும் எண்பெட்டிகளில் மற்ற இயல்புகள் எழுதப்படுகின்றன. முதலாம் பெட்டியில் எஞ்சினின் முகவரி. மூன்றாம் பெட்டியில் வேகம் கூடும் தாமதம். நான்காம் பெட்டியில் குறையும் தாமதம். இந்தத் தாமதம் சரியாக அமைந்தால்தான் எஞ்சின் முதலில் உறுமி, பின்னர் மெதுவாக நகரும். பாரமான வண்டி ஒன்றை இழுக்கிறது என்ற உணர்வை உண்டாக்குவது அந்த இடைவெளிதான்.

இன்னொரு வியப்பும் உண்டு. மாதிரி எஞ்சினுக்குள் பொருத்தும் ஒலிபெருக்கி கைத்தொலைபேசியில் இருப்பது போன்றது, விரல்நகம் அளவுதான். எஞ்சினின் ஆழ்ந்த அடிக்குரலை அது எழுப்பவே இயலாது. ஆகவே ஒலியைத் தயாரிப்பவர்கள் அந்த அடிக்குரலைக் கோப்பிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். எஞ்சிய மேற்சுரங்களைக் கேட்கும் நமது மூளை, இல்லாத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பெரிய எஞ்சினைக் கேட்டவரின் காது சிறிய எஞ்சினுக்குள் பெரியதைக் கேட்டுவிடுகிறது.

இந்த விபரங்களையெல்லாம் எனக்குக் கற்பித்தவர் என் பெரியம்மாவின் மகன். எண்பதுகளின் இறுதியில் நாட்டைவிட்டுச் சென்ற அவர் ஒன்ராறியோவில் வாழ்கிறார். ஓய்வுபெற்ற பின்னர் வீட்டின் நிலக்கீழ் அறையில் சிலாபத்திலிருந்து முந்தல் வரையான பாதையை 87இல் ஒரு பங்கு அளவில் அமைக்கத் தொடங்கினார். நம் நாட்டுத் தண்டவாள அகலம் 1676 மில்லிமீற்றர். அந்த அளவில் சுருக்கினால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரவேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5 மில்லிமீற்றர். அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டார். எம் 2இன் உடலை முப்பரிமாண அச்சில் எடுத்து, கடையில் வாங்கிய சக்கரத் தொகுதியின் மேல் பொருத்தினார். 569 என்று இலக்கமிட்டு ‘ஒன்ராறியோ’ என்று பெயரெழுதினார். ஒன்ராறியோவில் பிறந்து இலங்கைக்குப் போன எஞ்சினை, இலங்கையில் பிறந்து ஒன்ராறியோவுக்குப் போன ஒருவர் மறுபடி செய்கிறார். அந்த எஞ்சினைச் செய்த இலண்டன் தொழிற்சாலை 2012இல் மூடப்பட்டுவிட்டது.

குரல்தான் அவருக்குச் சிக்கலாயிற்று. 567 எஞ்சினின் ஒலிக்கோப்பு அமெரிக்க நிறுவனங்களிடம் எளிதாகக் கிடைத்தது. எஞ்சின் முழக்கம் அப்படியே பொருந்தியது, இரத்த உறவல்லவா! ஆனால் முதலாம் விசையை அழுத்தினால் மணி ஒலித்தது. அமெரிக்க எஞ்சின்கள் நிலையத்துக்குள் நுழையும்போது மணியடிக்கும்; நம்மூர் எஞ்சினுக்கு மணியே கிடையாது. தடையை விடுவித்தால் அழுத்தக் காற்று சீறும் சத்தம் கேட்டது. நம் நாட்டுப் பெட்டிகளில் நெடுங்காலம் இருந்தது வெற்றிடத் தடை. அதன் மூச்சு வேறு. ஹோர்னும் அமெரிக்கச் சமவெளியில் ஒலிக்கும் ஹோர்னாகவே இருந்தது.

“தம்பி, எல்லாம் சரியாயிருக்கு. கண்ணை மூடினா மட்டும் சிக்காகோவுக்குப் போயிடுறன்” என்றார் தொலைபேசியில்.

எனவே ஒலிவாங்கியோடு நான் தண்டவாளத்தருகே செல்ல நேர்ந்தது. பத்திரிகையாளனுக்குப் பேட்டியெடுக்கும் கருவி கையில் இருக்கும். அதற்கு ஒரு பஞ்சுறை போட்டால் போதும் என்றார் அண்ணன். பாதுகாப்பற்ற கடவைகள் நிறைந்த பாதை இது. ஒவ்வொன்றையும் நெருங்கும்போது சாரதி ஹோர்னை ஒலிப்பார். கடவையருகே நின்றால் நல்ல பதிவு கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் ஓடிவரும் எஞ்சினின் ஹோர்ன் நம்மைக் கடக்கும்போது சுருதி இறங்கிவிடும். பௌதிகத்தில் டொப்ளர் விளைவு என்று படித்தது இதுதான். அந்தப் பதிவை மாதிரி எஞ்சினில் ஏற்றினால், மேசையில் நிற்கும் வண்டியே விலகி ஓடுவது போல் கேட்கும். ஆகவே நிலையத்தில் நின்று புறப்படும் வண்டியின் ஹோர்னைத்தான் பதிவுசெய்யவேண்டும். அதற்குக் காற்று ஓயவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்தக் கரையில் அது நடவாது. மாசி மாதத்து விடியற்காலைகளில்தான் வாய்ப்புண்டு. நிலைய அதிபர் ஒருவரின் அனுமதியோடு மூன்று விடியல்கள் நின்றேன். ஹோர்னோடு காகங்களும், மேடையில் கூடையை இறக்கிவைக்கும் மீன் வியாபாரிகளின் பேச்சும், தண்டவாள மூட்டுகளில் சக்கரங்கள் தட்டும் தாளமும் வந்து விழுந்தன. ஹோர்னை மட்டும் அனுப்பினால் போதும் என்று சொன்ன அண்ணன், முழுப் பதிவையும் கேட்டபின் எதையும் வெட்டவேண்டாம் என்றார்.

இங்கேதான் வரலாற்று மாணவனுக்கு ஒரு கேள்வி எழுகிறது. அண்ணன் செய்த எஞ்சின் எழுபதுகளின் எஞ்சின். நான் பதிவுசெய்த ஹோர்னோ இந்தக் காலத்தது. எஞ்சின்களில் ஹோர்ன்கள் காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதுண்டு. அப்படியானால் இது அந்த எஞ்சினின் குரல்தானா? சிலாபத்தில் வாழும் ஓய்வுபெற்ற சாரதி ஒருவரிடம் அமெரிக்க ஹோர்ன் ஒன்றையும் என் பதிவையும் போட்டுக்காட்டினேன். பழைய எம் 2 அதற்கும் இதற்கும் நடுவில் இருந்தது என்றார். எப்படி என்று கேட்டேன். வாயால் ஊதிக் காட்டினார். அதையும் பதிவுசெய்துகொண்டேன். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. புறப்படும்போது காவலரின் விசில், சாரதியின் ஹோர்ன், தடை விடுபடும் மூச்சு, எஞ்சினின் உறுமல், பெட்டிகளின் இணைப்புகள் ஒவ்வொன்றாக இழுபட்டு இறுகும் சத்தம் என்று வரிசையைச் சொல்லித்தந்தார். ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி வராது என்பதற்கு அத்தாட்சியாகச் சாரதியிடம் டேப்லட் என்ற வட்டை ஒப்படைக்கும் முறையையும், அடுத்த நிலையத்தோடு பேசும் அந்தக் கருவியின் மணியோசையையும் விவரித்தார். அமெரிக்க மணி இருந்த முதலாம் விசையில் இப்போது அந்த நிலைய மணி இருக்கிறது. ஆவணம் இல்லாத இடத்தில் சாட்சியத்தைக் கொண்டு எழுதுவது வரலாற்றின் பழைய வழக்கம். அண்ணனின் ஒலிக்கோப்பும் அப்படி எழுதப்பட்ட ஒன்றுதான்.

இதையெல்லாம் ஒரு பொழுதுபோக்கு என்று நான் ஒதுக்கிவிடாததற்குக் காரணம் உண்டு. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் போவது நின்றது. தலைமன்னார்ப் பாதையும் அதே ஆண்டில் மௌனமாயிற்று. போர் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்துக்கு 2014 அக்டோபரிலும் தலைமன்னாருக்கு 2015 மார்ச்சிலும் மீண்டும் வண்டி சென்றது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அங்கே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்குக் கோச்சிச் சத்தம் என்பது பெற்றோர் சொல்லக் கேட்ட செய்தி. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்டிருந்தன.

அதே 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் எங்கள் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கற்பிட்டியிலும் புத்தளத்திலும் பாலாவியைச் சூழவும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. பிற்காலத்தில் செய்தி சேகரிக்கச் சென்றபோது, மன்னார்த் தீவைச் சேர்ந்த ஒரு முதியவரிடம் இங்கே வந்த முதல் நாட்களைப் பற்றிக் கேட்டேன். பசியையும் மழையையும் சொல்லிவிட்டு, “இரவில கோச்சிச் சத்தம் கேட்டா எழும்பி உட்கார்ந்திருவம் தம்பி. எங்கட ஊர்ல விடிஞ்சிட்டுதெண்டு நினைச்சு” என்றார். அந்தக் கட்டுரையில் அந்த வரி இடம்பெறவில்லை. இடப்பற்றாக்குறை என்று ஆசிரியபீடத்தில் நீக்கினார்கள். அகதிகளின் எண்ணிக்கையும் நிவாரணப் பொருட்களின் அளவும் அச்சாகின.

ஓசையை இழப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. நீர்கொழும்புக்கும் சிலாபத்துக்கும் இடையே தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, பாடசாலை மொழி மாறியதோடு ஓரிரு தலைமுறையில் சிங்களத்துக்கு மாறின. புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் போர்த்துக்கேயக் கலப்பு மொழி அவர்களது பாடல்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவற்றையாவது மொழியியலாளரும் மானிடவியலாளரும் வந்து பதிவுசெய்தார்கள். எஞ்சினுக்கு யார் வருவார்கள்?

செய்யவேண்டியது பெரிய காரியமும் அல்ல. எம் 2 வகையின் முதல் எஞ்சின்கள் வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. எம் 4க்கு ஐம்பது கடந்துவிட்டது. நல்ல கைத்தொலைபேசி இன்று எல்லோரிடமும் இருக்கிறது. காற்றில்லாத விடியலில், தண்டவாளத்துக்குப் பாதுகாப்பான தூரத்தில் நின்று ஐந்து நிமிடம் பதிவுசெய்தால் போதும். பதிவின் தொடக்கத்தில் திகதி, நேரம், இடம், எஞ்சினின் இலக்கம் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். பெயரில்லாத புகைப்படத்தைப் போலவே இலக்கமில்லாத ஒலியும் ஆய்வாளருக்கு அரைப் பயன்தான். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற சாரதியோ காவலரோ நிலைய அதிபரோ இருந்தால் அவரையும் பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். இவற்றைச் சேர்த்து வைக்கும் பொறுப்பை ஒரு பல்கலைக்கழக நூலகமோ தேசிய சுவடிக்கூடமோ ஏற்கவேண்டும். ஏற்கும்வரை இரண்டு பிரதிகள் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள்.

அண்ணனின் கோப்பில் ஒரு பிரதி என் கணனியில் இருக்கிறது. அதனோடு அவர் ஒரு குறிப்பையும் இணைத்திருக்கிறார்: எஞ்சின் முழக்கம் அமெரிக்கக் கோப்பு, ஹோர்ன், மேடை ஓசை, மூட்டுத் தாளம் ஆகியவை முந்தல் பகுதியில் பதிவானவை, மணியும் புறப்பாட்டு வரிசையும் சிலாபத்துச் சாரதியின் சொற்படி. எது கடன், எது சொந்தம், எது நினைவு என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதியிருக்கிறார். நம் பகுதியின் வரலாற்று நூல்கள் பலவற்றில் இந்த ஒழுங்கை நான் கண்டதில்லை.